பனியில் ஓடிய ஆறு கிலோமீட்டர்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டரம்மா சொன்னது ஒரு நவம்பர் மாதத்தில். மாத்திரை இப்போது வேண்டாம், தினமும் அரை மணி நேரம் உடம்பு வேர்க்கிற மாதிரி எதையாவது செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார். சான் ஹோசேயில் எட்டு வருடம் வெயிலில் இருந்துவிட்டு நியூ ஜெர்சிக்கு வந்தவர்கள் நாங்கள். நவம்பரில் இங்கே மனிதனுக்கு எதுவும் வேர்க்காது. மூக்கு மட்டும் ஒழுகும்.

"நாளையிலிருந்து ஓடப்போறேன் புள்ள," என்று காரிலேயே அறிவித்துவிட்டார்.

"இந்தக் குளிர்லயா?"

"குளிர் என்ன பண்ணும்? வெள்ளக்காரன் ஓடறான்ல?"

மறுநாளிலிருந்து வாசலுக்குப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. காலை இறுக்கிப் பிடிக்கும் கறுப்புக் கால்சட்டை, உள்ளே பஞ்சு வைத்த மேல்சட்டை, விரல் நுனியால் போனைத் தொடலாம் என்ற கையுறை, கண் மட்டும் தெரிகிற முகமூடி, நெற்றியில் கட்டுகிற விளக்கு, அடிகளை எண்ணுகிற கைக்கடிகாரம். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவரைப் பார்த்துவிட்டு என் பெண், "அப்பா, யூ லுக் லைக் எ பேங்க் ராபர்," என்று சொல்லிவிட்டு ஸ்கூல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். எங்கள் வீட்டில் அன்று உண்மையாகவே ஓடியவள் அவள் ஒருத்திதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தினமும் காலை ஆறு மணிக்குக் கிளம்புவார். ஆறே முக்காலுக்கு மூச்சு வாங்கத் திரும்பி வருவார். ஈரமான முகத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டே கடிகாரத்தை என் முன்னால் நீட்டுவார். நாலாயிரம் அடி, ஐயாயிரம் அடி. நானும் மெச்சிக்கொண்டு ஓட்ஸ் கஞ்சி ஊற்றுவேன். ஒரு மாதம் கழித்து எடை மெஷினில் ஏறிப் பார்த்தார். ஒன்றரை கிலோ கூடியிருந்தது.

"மசில் புள்ள. மசில் வெயிட்டு ஜாஸ்தி," என்றார்.

நம்பினேன். ஒரு மனுஷன் இருட்டில் எழுந்து, பல் கிட்டுகிற குளிரில் ஓடிவிட்டு வந்து சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

டிசம்பர் நடுவில் முதல் பெரிய பனி விழுந்தது. ராத்திரி முழுக்கக் கொட்டி, காலையில் எல்லாம் ஒரே வெள்ளை. இன்றைக்காவது படுத்திருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "பனியில ஓடறதுதான் ஓட்டமே," என்று முகமூடிக்குள்ளிருந்து சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை, குப்பை வண்டி வருகிற நாள். ஆறேகாலுக்குத் தொட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் பனி மினுமினுவென்று கிடந்தது. ஒரு கார்கூட இன்னும் போகவில்லை. அந்தச் சுத்தமான வெள்ளையில் ஒரே ஒரு ஆளின் காலடி மட்டும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி இடது பக்கம் திரும்பியிருந்தது. நன்றாகப் பார்த்தேன். ஓடுகிறவனின் அடி இப்படியா விழும்? அடிக்கு அடி ஒரு சாண் இடைவெளி. காய்கறி வாங்கக் கிளம்பிய ஆளின் நடை.

நைட்டிக்கு மேல் அவருடைய பழைய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். என் கால் சின்னது. அவருடைய தடத்துக்குள்ளேயே காலை வைத்து வைத்து நடந்தேன், எனக்கென்று தனியாக ஒரு தடம் விழாதபடி. இந்தப் புத்தி எனக்கு அந்த நேரத்தில் எப்படி வந்தது என்று இன்றும் வியப்பாக இருக்கிறது. காலடி ஒரு வீட்டைத் தாண்டியது, இரண்டைத் தாண்டியது, மூன்றைத் தாண்டியது. நாலாவது வீட்டில் திரும்பி, கராஜ் கதவு வரைக்கும் போய் நின்றுவிட்டது.

அது எங்கள் அண்ணன் வீடு. கூடப் பிறந்தவர் இல்லை. இளையான்குடிக்காரர், தரைக்கு ஓடு பதிக்கிற கடை வைத்திருக்கிறார், பத்து மணிக்குத்தான் கடை திறப்பார். நாங்கள் குடிவந்த முதல் வாரமே என்னைத் தங்கச்சி என்றும் இவரை மாப்ள என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டவர். இவருக்கு அவர் பாய். அவர் மனைவி வீட்டிலேயே டே கேர் நடத்துகிறார்.

கராஜ் கதவில் வரிசையாகச் சின்னக் கண்ணாடிகள் உண்டு. எட்டிப் பார்த்தேன். உள்ளே ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. நடுவில் கேரம் போர்டு. ஒரு பக்கம் அண்ணன், கைலியும் ஸ்வெட்டருமாக. எதிர்ப்பக்கம் என் வீட்டுக்காரர். முகமூடியை நெற்றிக்கு மேல் சுருட்டிவிட்டு, ஒரு கையில் டீ, மறு கையில் பன். டீயில் முக்கி முக்கித் தின்றுகொண்டிருந்தார். பின்னால் டே கேரில் கழித்துப்போட்ட, மோட்டாரில் தானாக ஆடுகிற குழந்தை ஊஞ்சல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதில் குழந்தை இல்லை. அதன் கம்பியில் என் வீட்டுக்காரரின் கடிகாரம் கட்டியிருந்தது. முன்னால் போய்ப் பின்னால் வந்து, அது பாட்டுக்கு அடிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டத்தான் கையை ஓங்கினேன். ஆனால் தட்டிவிட்டால் அன்றோடு கதை முடிந்துவிடுமே என்று தோன்றியது. ஜாக்கெட் கையைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பி வந்துவிட்டேன்.

ஆறே முக்காலுக்கு மாடி ஜன்னலில் காத்திருந்தேன். தெருவில் சாவகாசமாக நடந்து வந்தவர், எங்கள் தபால் பெட்டி வந்ததும் நின்றார். கைநிறையப் பனியை அள்ளி முகத்தில் தேய்த்துக்கொண்டார். அப்புறம் வாசல்வரை இருபதடி ஓடினார். அழகான ஓட்டம், குறை சொல்ல முடியாது.

"இன்னைக்கு ஆறு கிலோமீட்டர்! பனியில ஓடறது தனி சொகம் புள்ள."

"அப்படீங்களா? எந்தப் பக்கமுங்க ஓடுனீங்க?"

கேட்டதும் அவர் முகம் ஒரு கணம் மாறியது. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். தடம் அப்படியே படம் வரைந்த மாதிரி கிடந்தது. "இரு, பனி இறுகறதுக்குள்ள தள்ளிட்டு வந்தர்றேன்," என்று மண்வாரியை எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார். எங்கள் வாசலில் ஆரம்பித்து அண்ணன் வீடு வரைக்கும், நடுவிலிருந்த மூன்று வீட்டு நடைபாதையையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் பனி தள்ளினார். நவம்பரிலிருந்து அவருக்கு வேர்த்தது அன்றைக்குத்தான். பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டியம்மா நெகிழ்ந்துபோய் ஒரு வாழைப்பழக் கேக் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் அவரே பாதிக்கு மேல் தின்றார்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி முதல் வாரம் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற பாட்லக் விருந்து ஒன்று வைத்தோம். நான் குழிப்பணியாரம் கொண்டு போயிருந்தேன். சாப்பாட்டு மேஜையில் யாரோ குளிரைப் பற்றி அலுத்துக்கொண்டதும் நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"எங்க வீட்டுக்காரருக்குக் குளிரே தெரியறதில்லைங்க. தெனமும் ஆறு மணிக்கு ஓடறார். அன்னைக்கு அவ்வளவு பனியிலயும் ஆறு கிலோமீட்டர்."

மதுரைக்கார அக்கா, ஃபார்மசியில் வேலை பார்க்கிறவர், தன் கணவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "கேட்டுக்கிட்டீகளா? நீங்க சோபாவ விட்டு எந்திரிக்கவே ஆறு மணி நேரமாகுது."

சென்னைக்காரர் ஒருவர் ஆர்வமாக முன்னால் நகர்ந்தார். "சார், செம சார் நீங்க! எனக்கு மோட்டிவேஷனே கிடைக்க மாட்டேங்குது. எங்களையும் ஜாயின் பண்ணிக்கங்களேன்."

என் வீட்டுக்காரர் கையில் பணியாரம் பாதி வழியில் நின்றது. "அது... வேகம் ஒத்துவராதுங்க, உங்களுக்குச் சிரமமா இருக்கும்."

"அவர் மெதுவா ஓடுவாருங்க," என்றேன் நான். "சொல்லிக் குடுக்கறதுல அவருக்கு ரொம்ப இஷ்டம்."

"அப்ப வர்ற சனிக்கிழமை. ஆறரைக்கு உங்க வீட்டு வாசல்ல நிக்கிறோம்," என்று அக்கா முடித்துவிட்டார். அந்தக் கோடியில் அண்ணனுக்குப் பிரியாணி புரையேறி, மூன்று பேர் தலையில் தட்டினார்கள்.

காரில் திரும்பும்போது ஃப்ரீவே ஏறியதும் கேட்டார். "ஏன் புள்ள அப்படிச் சொன்ன?"

"நடந்ததத்தானுங்க சொன்னேன்."

அந்த வாரம் முழுக்க அவருடைய போனில் வானிலை பக்கம்தான் திறந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை முகம் மலர்ந்து வந்தார். நாளைக் காலையில் மழையாம், முப்பத்தாறு ஃபாரன்ஹீட்டாம், தண்ணீர் உறைய நாலு டிகிரிதான் பாக்கியாம். "ஒருத்தனும் வரமாட்டான் பாரு," என்று தோசை இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஆறரைக்கு வாசலில் ஏழு பேர் நின்றார்கள். கணவன்மார் முகங்களைப் பார்த்தால் யாரும் விருப்பப்பட்டு வந்ததாகத் தெரியவில்லை. வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு மழைக்கோட்டில் நின்றார்கள். மாப்பிள்ளையைத் தனியாக விடக்கூடாது என்று அண்ணனும் வந்திருந்தார், கையில் ஒரு பெரிய குடையோடு. நான் காபி டம்ளரும் கையுமாகக் கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு ருசியான காபியை நான் குடித்ததில்லை.

அது இரண்டு வாய்தான். மதுரை அக்கா திரும்பினார். "ஏத்தா, நீ என்ன டம்ளரோட நிக்கிற? புருஷன் அம்புட்டு ஓடுறாரு, நீ ஓடமாட்டியா? செருப்ப மாத்திட்டு வா."

"இல்லைங்க அக்கா, புள்ளைக்கு டிபன்..."

"ஐ கேன் மேக் சீரியல், அம்மா. கோ!" என்று பின்னாலிருந்து என் பெண் குரல் வந்தது. அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

இப்படித்தான் என் முதல் ஓட்டம் ஆரம்பித்தது. பழைய நடை ஷூ, அவருடைய தொளதொள மழைக்கோட்டு. பக்கத்துப் பூங்காவில் குளத்தைச் சுற்றி ஒரு பாதை உண்டு, சுற்று இரண்டு மைல். பாதை முழுக்கப் பாதி உருகிய பனி கூழாகக் கிடந்தது. மழை சாய்வாக முகத்தில் அடித்தது. ஐம்பதடிக்குள் சாக்ஸ் நனைந்து ஒவ்வொரு அடிக்கும் பொதக் பொதக் என்றது. காதும் மூக்கும் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் கௌரவத்துக்காக முதல் நூறடி சிட்டாகப் பறந்தார். பிறகு ஷூ லேஸ் கட்ட உட்கார்ந்தார். எழுந்து இன்னொரு ஐம்பதடி ஓடி, அடுத்த லேஸைக் கட்டினார். நாலு தடவை கட்டினார். அண்ணன் குடை காற்றில் மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அதை விடவும் முடியாமல் மடக்கவும் முடியாமல், தலைக்கு மேல் ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் மாதிரி ஓடினார்.

சென்னைக்காரர் மட்டும் விடாமல் பாடம் கேட்டுக்கொண்டே வந்தார். "சார், மூச்ச எப்படி விடணும் சார்?"

"மூக்கால... இழுத்து..." என்றார் என் வீட்டுக்காரர். மீதியைச் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை.

குளத்தின் வளைவில் காட்டு வாத்துகள் இருபது முப்பது பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. கூட்டத்தைக் கண்டதும் ஒன்று கழுத்தை நீட்டிச் சீறியது. முன்னால் போன என் வீட்டுக்காரர் ஒதுங்கப் பார்த்தார். வாத்து எச்சமும் பனிக்கூழும் கலந்த இடம் அது. கால் சறுக்கி, மெதுவாக, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெரிய குட்டையில் உட்கார்ந்தார். இடுப்புவரை தண்ணீர்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தோம். அவர் எழுந்திருக்கவில்லை. முகமூடியைக் கழற்றினார்.

"என்னால முடியாதுங்க. நான் ஒரு நாள்கூட ஓடுனதில்லீங்க."

வாத்துகூடச் சும்மா இருந்தது. குட்டையில் உட்கார்ந்தபடியே கராஜ், கேரம், பன், ஊஞ்சல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஊஞ்சல் வந்ததும் மதுரை அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சென்னைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் சொல்லிடறேன். ஜிம்முக்குப் போறேன்னு தினமும் பார்க்கிங் லாட்ல கார்ல தூங்கிட்டு வரேன். ஒய்ஃப் கிட்ட சொல்லிடாதீங்க, ப்ளீஸ்," என்றார். அக்காவின் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கதை என்னவோ, அதை அக்கா வீட்டில் போய்க் கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் எதுவும் தெரியாதவளாக வாயில் கை வைத்து நின்றேன். நன்றாகத்தான் நடித்தேன். அண்ணன்தான் கெடுத்தார்.

"போதும் தங்கச்சி. பனி விழுந்த அன்னைக்கே கண்ணாடியில ஒம் மூஞ்சியப் பாத்துட்டேன். செவப்புக் காய் கையில இருந்துச்சு, பயத்துல தவறிப் போச்சு."

"பாத்தீங்களா? அப்புறம் ஏனுங்க அண்ணா இவர்கிட்டச் சொல்லல?"

"நீ என்ன செய்யப் போறேன்னு பாக்கணும்ல?"

என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தானே எழுந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, யாருடைய கையையும் பிடிக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டில் வெந்நீர் வாளியில் காலை வைத்து உட்கார வைத்தேன். சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"மொத நாள் நெசமாலுமே ஓடுனேன் புள்ள," என்றார் கடைசியில். "மூணு வீடு தாண்டல. நெஞ்ச அப்படியே இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. மூச்சு உள்ள போகவே இல்ல. தபால் பெட்டியப் பிடிச்சுட்டு நின்னுட்டேன். பாய்தான் பாத்துட்டு உள்ள கூட்டிட்டுப் போயி டீ குடுத்தாரு. மறுநாளும் கெளம்புனேன், அவரு வீடு வந்ததும் காலு தானா உள்ள போயிருச்சு."

"எங்கிட்டச் சொல்லக்கூடாதுங்களா?"

"அவ்வளவு துணி வாங்கிப் போட்டுட்டு எப்படிச் சொல்றது? பயமாவும் இருந்துச்சு. சொன்னா ஆஸ்பத்திரிங்கும், டெஸ்டுங்கும்..."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. குட்டையில் உட்கார்ந்த அவர் முகம் எனக்கு ஞாபகம் வந்து, முதல் தடவையாக வெட்கமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினேன். திங்கட்கிழமையே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். இதயத்தில் ஒன்றுமில்லை. குளிர்காற்று பட்டால் மூச்சுக்குழாய் சுருங்குகிற உடம்பு, அவ்வளவுதான். கிளம்புவதற்கு முன்னால் இழுத்துக்கொள்ள ஒரு இன்ஹேலர் கொடுத்து, முகமூடி போட்டு மெதுவாகத் தொடங்கச் சொன்னார்.

சனிக்கிழமைக் கூட்டம் கலையவில்லை. யாரும் யாரிடமும் இனி பொய் சொல்ல வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, எல்லோரும் வந்தார்கள். அவர் வேக நடையில் தொடங்கி, மார்ச் வருவதற்குள் குளத்தை ஒரு சுற்று நிற்காமல் ஓடிவிட்டார். அண்ணன் ஒரே வாரத்தில் விலகிக்கொண்டார். கேரம் ஆட ஆளில்லாமல் போய்விட்டது என்று இன்னும் என்னைத் திட்டுகிறார்.

யாரும் எதிர்பார்க்காதது எனக்கு நேர்ந்தது. குளிரில் ஓடுவது எனக்குப் பிடித்துப்போனது. அதிலும் மழை நாள் என்றால் கால் நிற்காது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள், காலை மீட்டிங்குக்கு முன்னால் ஒரு நடை ஓடிவிட்டு வந்தால் அன்று முழுக்க யார் என்ன சொன்னாலும் உறைக்காது.

மார்ச் கடைசியில் ஒரு நாள் நல்ல மழை. அவர் வேலைக்குக் கிளம்பிப் போனபின் நான் தனியாக மெயின் ரோட்டோரம் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு கார் பக்கத்தில் மெதுவாக வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார் ஒரு பெரியவர், நெற்றியில் விபூதி. கோயிலில் எங்கேயோ பார்த்த முகம்.

"என்னம்மா, தமிழா? கார் பிரேக்டவுனா?"

"இல்லைங்க அங்கிள். ஓடறேன்."

"மழையில எதுக்கும்மா ஓடறே?"

"சும்மாதானுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நனைந்த தலை, சேறு தெறித்த கால்சட்டை. "யாரும் சும்மா மழையில ஓடமாட்டாங்க. என்னை அப்பா மாதிரி நினைச்சுச் சொல்லும்மா. வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

இன்னும் இரண்டு தடவை உண்மையைச் சொன்னேன். அவர் இன்னும் இரண்டு தடவை தலையை ஆட்டினார். பின்னால் கார்கள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. எனக்கு உடம்பு குளிர்ந்துகொண்டிருந்தது.

"ஆமாங்க அங்கிள்," என்றேன். "சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு வீட்டுக்காரர் வெளிய போகச் சொல்லிட்டார்."

அவர் அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்குள் குறுக்குச் சந்தில் திரும்பி ஓடிவிட்டேன்.

பத்து நாள் கழித்து இந்தியன் கடைக்குப் போன என் வீட்டுக்காரர் கறிவேப்பிலை வாங்காமல் திரும்பி வந்தார். பருப்பு வரிசையில் விபூதி பூசிய ஒருவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய்க் கால் மணி நேரம் புத்தி சொன்னாராம். தம்பி, உப்பு கூடும் குறையும், பொண்டாட்டி குலதெய்வம், மழையில் விரட்டலாமா என்று. கூட இருந்த இரண்டு ஆண்ட்டிகளும் முறைத்தார்களாம். யார் வீட்டுக்காரர் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"இனிமேல் யாராச்சும் கேட்டா ஓடறேன்னு உண்மையச் சொல்லு புள்ள," என்றார், பையைக் கீழே வைத்துவிட்டு.

"மூணு தடவ சொன்னேனுங்க. அவர்தான் நம்பல."